மின்சார கார்: இப்போதா, இன்னும் கொஞ்ச நாள் கழித்தா?

கேள்வி: எங்கள் பெட்ரோல் காருக்குப் பதினொரு வயது. நன்றாக ஓடுகிறது, ஆனால் கிளட்ச் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பள்ளிக்குப் போய்வர தினமும் 45 கி.மீ. ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க 300 கி.மீ. போவேன். குடியிருப்பது அடுக்குமாடியில். மின்சார கார் வாங்க ஆசை. "புது வகை பேட்டரி வரப்போகிறது, விலையும் குறையும், பொறு" என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை

பதில்: சகோதரி, இரவில் உங்கள் கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. என்னைக் கேட்டால் முடிவே அதை வைத்துத்தான்.

நடுத்தர அளவு மின்சார காருக்கு 100 கி.மீ. ஓட சுமார் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். உங்கள் 45 கி.மீ.க்கு ஏழு யூனிட் போதும். 3.3 கிலோவாட் சார்ஜரில் இரண்டரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும், நீங்கள் தூக்கத்தில் இருக்கும்போதே. பிளக் இல்லையென்றால் வாராவாரம் பொது ஃபாஸ்ட் சார்ஜரைத் தேடிப் போகவேண்டும். அங்கே யூனிட் விலை பெரும்பாலும் வீட்டைவிட அதிகம், வரிசையில் நிற்கும் நேரம் வேறு. என் பட்டறைக்கு வருபவர்களில் மின்சார காரை விற்றுவிட நினைக்கிறவர்கள் வண்டியைப் பற்றி அதிகம் குறை சொல்வதில்லை. சார்ஜ் போட அலைந்த கதையைத்தான் சொல்கிறார்கள்.

அதனால் முதலில் உங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதுங்கள். உங்கள் மீட்டரிலிருந்தே பார்க்கிங் வரை தனி லைன், தனி பிரேக்கர், சரியான எர்த் வேண்டும் என்று கேளுங்கள். கட்டடத்தின் வயரிங் அந்தச் சுமையைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும். தயவுசெய்து மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை மட்டும் தொங்கவிடாதீர்கள். மணிக்கணக்கில் முழுச் சுமை ஓடினால் மெல்லிய வயர் சூடேறி உருகும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அப்புறம் பேட்டரி. விலை குறைகிறது என்று கணவர் சொல்வது உண்மைதான். ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2010-ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த பேட்டரி விலை, 2024-ல் 115 டாலராக இறங்கியது. பெரிய சரிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. புது வகை என்று அவர் சொல்வது திடநிலை பேட்டரியாக இருக்கும், அதாவது உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் உள்ளது. அதற்கு டொயோட்டா 2027-28 என்று இலக்கு வைத்திருக்கிறது. வந்தாலும் முதலில் விலை உயர்ந்த வண்டிகளில்தான் வரும் என்று நினைக்கிறேன். அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும் என்ற பயம் முதல் தலைமுறை வண்டிகளால் வந்தது. 2010 கடைசியில் வந்த நிசான் லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது, வெப்பமான ஊர்களில் அது வேகமாகத் தேய்ந்தது. இன்று பெரும்பாலான கார்களில் அந்த ஏற்பாடு உண்டு. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி கிடைத்தால் அதையே எடுங்கள். எடைக்கு ஏற்ற தூரம் சற்றுக் குறைவுதான், ஆனால் அதிக தடவை சார்ஜ் ஏற்றலாம், முழுதாக நிரப்பினாலும் பெரிதாகப் பாதிக்காது. உத்தரவாதத் தாளில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., அதுவரை கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் தருவதுதான்.

நெடுஞ்சாலையில் மட்டும் விளம்பரத்தில் போட்ட தூரத்தை நம்பாதீர்கள். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 40 யூனிட் பேட்டரியோடு 100 கி.மீ. வேகத்தில் போனால் 200 கி.மீ.க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் அரை மணி நேரம் நிறுத்தினால் போதும். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும், அதனால் நிறையும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சரி, என் முடிவு. சங்கம் சம்மதித்தால் இந்த வருடமே வாங்குங்கள், பழைய காரின் கிளட்சுக்குப் பணம் போடாதீர்கள். சம்மதிக்காவிட்டால் கிளட்சை மாற்றி இரண்டு வருடம் ஓட்டுங்கள், நன்றாக ஓடும் வண்டியைத் தூக்கிப்போட அவசரமில்லை. எப்படியானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் அம்மா வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள சார்ஜர்களை இப்போதைய காரிலேயே போய்ப் பாருங்கள். ஒன்று பழுதாகிக் கிடந்தால் அடுத்தது எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.