எந்தக் கிழங்கில் லாட்கே வரும்? கேள்வி பதில்

டிசம்பர் நெருங்கினால் ஹனுக்காவும் நெருங்கும். லாட்கே பற்றிய கேள்விகளும் வரிசை கட்டும். லாட்கே என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அந்தப் பண்டிகைக்குச் சுடும் உருளைக்கிழங்கு அடை. இந்த முறை கேட்டவர்களில் பாதிப் பேர் உருளையை விட்டுவிட்டு வேறு கிழங்குக்குத் தாவியிருக்கிறீர்கள். அதனால் முதலில் அடிப்படை அளவைச் சொல்லிவிடுகிறேன்: உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 1 (200 கிராம் இருக்கட்டும்), முட்டை 2, மைதா கால் கப், உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள் தேவைக்கு. யூத வீடுகளில் மைதாவுக்குப் பதில் மாட்ஸா என்கிற புளிக்காத ரொட்டியைப் பொடித்துப் போடுவார்கள். நமக்கு இனிப்பில்லாத க்ரீம் கிராக்கரைப் பொடித்தால் போதும்.

சென்னை வாசகி: அக்கா, எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு பிரிஞ்சு போகுது. முட்டை போட்டேன், மைதாவும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். அப்பவும் அதே கதைதான்.

மைதாவைக் கூட்டினால் பிடிப்பு வரும், ருசி போய்விடும். உங்கள் பிரச்சினை தண்ணீர். உருளைக்கிழங்கின் எடையில் கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணீர், 15 சதவீதம் போல மாவுச்சத்து. முன்னதை வெளியேற்றி, பின்னதை விடாமல் பிடித்துக்கொண்டால் லாட்கே பிரியாது.

துருவியதைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டுங்கள். முடிச்சில் கரண்டிக் காம்பைச் செருகி முறுக்குங்கள். கை வலிக்கும், பரவாயில்லை. பிழிந்த நீரைக் கொட்டிவிடாமல் ஒரு கிண்ணத்தில் 10 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். மேலே பழுப்புத் தண்ணீர் தெளிந்து நிற்கும். அதை மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அடியில் வெள்ளை வண்டல் ஒட்டியிருக்கும். விரலால் அழுத்தினால் கெட்டி, வழித்து எடுத்தால் ஒழுகும். அதுதான் சுத்தமான மாவுச்சத்து. அதைச் சுரண்டித் துருவலோடு சேர்த்துவிட்டு, பிறகு முட்டையும் உப்பும் போடுங்கள். உப்பை முன்னாலேயே போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் மறுபடி தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

எண்ணெய் வாணலியில் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கட்டும். சூடு 175 முதல் 180 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு துருவல் இழையைப் போட்டுப் பாருங்கள். உடனே மேலே வந்து சடசடக்க வேண்டும். கலவையைப் போட்டதும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அமுக்கிவிட்டு, ஓரம் சிவக்கும்வரை கரண்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பாதிப் பேருக்கு உடைவது சீக்கிரம் திருப்புவதால்தான்.

அதே வாசகி: எந்த உருளைக்கிழங்கு வாங்கணும்?

முற்றியது, தோல் தடித்தது. பேபி பொட்டேட்டோவும், நகத்தால் சுரண்டினால் தோல் உரிகிற புதுக்கிழங்கும் வேண்டாம். அவற்றில் மாவுச்சத்து குறைவு. ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கும் வேண்டாம். குளிரில் மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறிவிடும். எண்ணெயில் போட்டால் வேகும் முன்பே நிறம் ஏறிவிடும். சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் குஃப்ரி சிப்சோனா ரகங்களை வெளியிட்டதே இந்தத் தொல்லைக்காகத்தான்: சர்க்கரை குறைவு, தண்ணீரும் குறைவு. நம் காய்கறிக் கடையில் ரகம் சொல்லிக் கேட்டு வாங்குவது கஷ்டம், ஆகவே கையில் கனமாக, இறுக்கமாக இருப்பதைப் பொறுக்குங்கள்.

ஸ்கார்பரோ வாசகி: அக்கா, இஞ்ச கடையில செம்மஞ்சள் வத்தாளங்கிழங்கு மலிவாக் கிடக்குது. அதில செய்து பாத்தனான். வெளியில கருகிட்டுது, உள்ளுக்குப் பச்சை. என்ன பிழை?

உங்களில் பிழை இல்லை, தங்கச்சி. கிழங்கின் குணம் அது. உருளையில் 100 கிராமுக்குச் சர்க்கரை ஒரு கிராம்கூட இல்லை; வத்தாளங்கிழங்கில், அதாவது சர்க்கரைவள்ளியில், 4 கிராமுக்கு மேல். போதாததற்கு, சூடு ஏறும்போது அதிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து இன்னும் சர்க்கரையாக்கும். பிடிக்க வேண்டிய மாவுச்சத்தும் கரைகிறது, கருக்கும் சர்க்கரையும் கூடுகிறது.

கனடாக் கடைகளில் 'யாம்' என்று எழுதி வைத்திருக்கும் செம்மஞ்சள் ரகம் இன்னும் ஈரம். பக்கத்திலேயே சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையுமாக ஒன்று இருக்கும், அதை எடுங்கள். காய்ந்த ரகம், நன்றாகப் பிடிக்கும். மெல்லிய இழையாகத் துருவி, சூட்டை 160க்கு இறக்கி, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் தட்டுங்கள். 500 கிராம் வத்தாளைக்கு ஒரு உருளைக்கிழங்கும் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவும் சேர்த்தால் நிம்மதி. பிழிந்தாலும் இதில் அதிகம் தண்ணீர் வராது; கவலைப்படாதீர்கள். மிளகுத்தூளுக்குப் பதில் செத்தல் மிளகாயை இடித்துப் போட்டால் இனிப்புக்கு ஈடு கொடுக்கும். இது என் நாக்குக்கு, மரபுக்கு அல்ல.

திருச்சி வாசகர்: உருளைக்கிழங்கு இல்லாமல் செய்தால் அது லாட்கேவே இல்லை என்கிறார் என் நண்பர். உண்மையா?

உருளைக்கிழங்கே பின்னால் வந்து சேர்ந்ததுதான் சார். ஹனுக்காவில் முக்கியம் எண்ணெய். கி.மு. 164ல் மக்கபேயர்கள் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியபோது ஒரு நாளைக்கு மட்டுமே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது நம்பிக்கை. அதனால் எட்டு இரவும் விளக்கு, எண்ணெய்ப் பலகாரம். கத்தோலிக்க விவிலியம் வாசிப்பவர்களுக்கு மக்கபேயர் நூல்கள் தெரிந்திருக்கும்; புரோட்டஸ்டன்ட் சபைகளின் பதிப்பில் அவை வழக்கமாக இருக்காது.

உருளையோ தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைப் பயிர். ஐரோப்பாவுக்கு 16ஆம் நூற்றாண்டில் வந்தாலும், கிழக்கு ஐரோப்பாவின் ஏழை வீடுகளில் அன்றாடச் சாப்பாடானது 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான். அதற்கு முன்பு இத்தாலிய யூதர்கள் பாலாடைக்கட்டி அடை சுட்டார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு: யூதித்து என்ற பெண் பகைத் தளபதிக்கு உப்பான பாலாடைக்கட்டியைக் கொடுத்துத் தாகம் உண்டாக்கி, மது ஊற்றி, மயங்கியவன் தலையைக் கொய்தாள் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். வடக்கே கோதுமை மாவும், பக்வீட் என்ற தானியம் போன்ற விதையின் மாவும். கடும் குளிரில் ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது? வாத்துக் கொழுப்பை உருக்கிப் பொரித்தார்கள்.

ஆகையால் வேறு கிழங்கு போட்டதற்காக யாரும் சண்டைக்கு வர நியாயம் இல்லை. எண்ணெயைக் குறைத்தால் வேண்டுமானால் வரலாம்.

கோவை வாசகி: எங்க வீட்ல முட்டை சேர்க்க மாட்டோங்க. வழி இருக்குங்களா?

இருக்கு. ஒரு உருளைக்கிழங்கை வேகவைத்துக் கட்டியில்லாமல் மசித்து, வடித்த மாவுச்சத்தோடு துருவலில் பிசையுங்கள். கூடவே இரண்டு மேசைக்கரண்டி சோளமாவு. முட்டை இருந்தால் நடுப்பகுதி கொஞ்சம் உப்பி வரும். இதில் உப்பாது, மொறுமொறுப்பு மட்டும் கூடும். திருப்பும்போது தோசைத் திருப்பியை முழுசாக அடியில் கொடுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: அக்கா, மரச்சீனிக் கிழங்குல செய்யலாமா? பச்சையாத் துருவினா விஷம்னு வீட்டுல பயமுறுத்துறாங்க.

வீட்டார் சொல்வதில் விஷயம் இருக்கிறது, தம்பி. மரச்சீனி, அதாவது மரவள்ளியில் லினமாரின் என்றொரு பொருள் உண்டு. துருவும்போது கிழங்கின் நொதி அதோடு கலந்து சயனைடை வெளியேற்றும். கசப்பு ரகத்தில் அதிகம். சமையலுக்கு விற்கும் ரகங்களில் குறைவு. நம் மரவள்ளி அடைக்கும் பச்சையாகத் துருவிச் சேர்க்கிறவர்கள் உண்டு, ஆனால் அது மெல்லிசாகக் கல்லில் நின்று வேகும். லாட்கே கனமானது, ஆறேழு நிமிடத்தில் எடுத்துவிடுவோம். அந்த நேரத்தை நம்பி நான் பச்சைக் கிழங்கைப் போடமாட்டேன்.

மேல்தோலோடு உள்ளிருக்கும் தடித்த தோலையும் உரித்து, நடுநரம்பை எடுத்து, துண்டுகளை நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவையுங்கள். கத்தி இறங்க வேண்டும், குழையக் கூடாது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிழங்கை நன்றாக ஆறவிட்டுத் துருவுங்கள். வெட்டும்போது உள்ளே நீலக் கோடு ஓடியிருந்தால் பழசு, தூக்கிப்போடுங்கள். கசந்தாலும் அப்படியே.

பலன் அருமையாக இருக்கும். மரவள்ளியில் தண்ணீர் 60 சதவீதம்தான், மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. மைதாவே வேண்டாம், ஒரு முட்டை போதும். வெளியே கண்ணாடிப் பதத்தில் மொறுமொறுப்பு, உள்ளே லேசாக ஜவ்வு. லத்தீன் அமெரிக்க யூத வீடுகளிலும் மரவள்ளி லாட்கே உண்டு.

மதுரை வாசகி: அப்ப சேனை, சேப்பங்கிழங்கு?

இவற்றில் தொல்லை வேறு: கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். தொண்டை அரிக்கும். பச்சையாகத் துருவிப் பொரிப்பது வேண்டவே வேண்டாம். சேனையைப் புளித் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்துத் துருவுங்கள். சேப்பங்கிழங்கை வேகவைத்து, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, பெரிய துளைத் துருவியில் சீவுங்கள். அதன் வழவழப்பே பிடித்துக்கொள்ளும், முட்டை தேவையில்லை.

லண்டன் வாசகர்: இங்கே பார்ஸ்னிப், செலரியாக் எல்லாம் குளிர்காலத்தில் குவிந்து கிடக்கிறது. எது தேறும்?

இரண்டும் தேறும், தனியாக இல்லை. பார்ஸ்னிப் வெள்ளைக் கேரட் மாதிரி தெரியும், வாசனை வேறு. பெரிதாக இருந்தால் நடுத்தண்டு கட்டைபோல் இருக்கும், அதை நீக்கிவிடுங்கள். சர்க்கரை 5 சதவீதம் அளவுக்கு உண்டு, சீக்கிரம் நிறம் பிடிக்கும். உருளைக்குச் சரிபாதி போடலாம். செலரியாக் என்பது செலரி இனத்துக் கிழங்கு; அதில் மாவுச்சத்து சொற்பம், தண்ணீர் 88 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் குழையும். ஆனால் அந்த மணம்! எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் செலரியாக்தான். துருவியதும் எலுமிச்சை பிழியுங்கள், கறுக்காது.

சேலம் வாசகி: பீட்ரூட், கேரட் கலந்து கலர்ஃபுல்லா பண்ணலாம்னு இருக்கேன்.

பண்ணுங்கள். இரண்டிலும் தண்ணீர் 88 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மாவுச்சத்தை எதிர்பார்க்க முடியாது. 600 கிராம் உருளைக்கு 300 கிராம் பீட்ரூட் அல்லது கேரட், கூட ஒரு மேசைக்கரண்டி சோளமாவு. தனித்தனியாகப் பிழியுங்கள், பீட்ரூட் தண்ணீரைக் கொட்டிவிடலாம். பீட்ரூட் லாட்கேயில் பொன்னிறம் தெரியாது என்பதால் கண்ணை நம்பாதீர்கள். எண்ணெயில் குமிழியும் சத்தமும் அடங்கினால் ஈரம் வற்றிவிட்டது, எடுக்கலாம். பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல ஆகும். வெள்ளை லாட்கேயை முதலில் சுட்டுவிட்டு பீட்ரூட்டைக் கடைசியில் வையுங்கள், எண்ணெய் தப்பும்.

தஞ்சை வாசகர்: முள்ளங்கி?

95 சதவீதம் தண்ணீர். சாம்பாருக்கு வையுங்கள்.

பெங்களூரு வாசகி: துருவினதும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. வெந்நீரில் போடலாமா?

வெந்நீர் வேண்டாம், மாவுச்சத்து வெளியிலேயே வெந்து பசையாகும். வெங்காயத்தையும் உருளையையும் மாற்றி மாற்றித் துருவுங்கள். வெங்காயத்தின் கந்தகப் பொருள்கள் கறுக்கவைக்கும் நொதியை மட்டுப்படுத்தும். மேலாகக் கொஞ்சம் கறுத்தாலும் பொரித்தால் தெரியாது.

சிங்கப்பூர் வாசகி: தொட்டுக்க என்ன?

சவர் க்ரீம், ஆப்பிள் சாஸ், இந்த இரண்டும்தான் வழக்கம். யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. வாத்துக் கொழுப்பில் சுட்ட லாட்கேயோடு க்ரீம் ஆகாது, அங்கே ஆப்பிள்தான் கைகொடுக்கும். கட்டித்தயிரை இரண்டு மணி நேரம் துணியில் தொங்கவிட்டு உப்புப் போட்டால் சவர் க்ரீமுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கெட்சப் கேட்கும் பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

கொச்சி வாசகர்: நம் நாட்டு யூதர்கள் லாட்கே சுடுவார்களா?

கொச்சி யூதர்கள், கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல், கொல்கத்தாவிலும் மும்பையிலும் குடியேறிய பாக்தாதி யூதர்கள், யாருமே கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்தவர்கள் இல்லை. லாட்கே அவர்கள் அடுப்பில் பிறந்ததல்ல. கொல்கத்தா பாக்தாதிகளிடம் உருளைக்கு வேறொரு பெருமை உண்டு: ஆலு மகல்லா. தோல் சீவிய முழுக்கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு அரைவேக்காடு வேகவைத்து, முங்க எண்ணெய் ஊற்றி, சிறு தீயில் நெடுநேரம் பொரிப்பார்கள். வெளியே ஓடுபோல் இறுகிவிடும், உள்ளே பஞ்சு. துருவ வேண்டாம், பிழிய வேண்டாம். சோம்பேறி நாளில் நானே அதற்குத் தாவிவிடுவேன்.

ஹூஸ்டன் வாசகி: இருபது பேருக்குச் செய்யணும். முதல் நாளே கலந்து வைக்கலாமா? ஏர் ஃப்ரையர் சரிப்படுமா?

கலந்து வைத்தால் காலையில் சாம்பல் நிறக் கூழ்தான் இருக்கும். சுட்டு வையுங்கள். பேப்பரில் அடுக்கினால் ஆவியில் நமுத்துவிடும். கம்பித் தட்டில் பரப்பி ஆறவிட்டு, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஃப்ரீசரில் உறையவிட்டு, பிறகு பையில் போடுங்கள். விருந்தன்று உறைந்தபடியே 200 டிகிரி அவனில் பத்து நிமிடம் போல. ஏர் ஃப்ரையர் இந்தச் சூடேற்றும் வேலைக்கு நன்றாக உதவும். பச்சைக் கலவையை அதில் வைத்தால் காய்ந்த கிழங்கு வறுவல் கிடைக்கும். அவனில் வைத்த பின் மேலே கொஞ்சம் தூள் உப்பு தூவுங்கள். ஃப்ரீசரில் இருந்து வந்த லாட்கேக்கு உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை குறைவாகவே தெரியும்.