87-ஐ 49-ஆல் வகுத்தல்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்துக் கால்பந்தின் பழைய புள்ளிப் பட்டியல்களைப் படித்துக்கொண்டிருந்தபோது 1926-27-ஆம் ஆண்டின் இரண்டாம் டிவிஷன் கண்ணில் பட்டது. போர்ட்ஸ்மத், மான்செஸ்டர் சிட்டி இரண்டுக்கும் 54 புள்ளிகள். சிட்டி 108 கோல் அடித்து 61 வாங்கியிருக்கிறது. போர்ட்ஸ்மத் 87 அடித்து 49 வாங்கியிருக்கிறது. இன்றைய கோல் வித்தியாசக் கணக்கில் சிட்டிதான் ஒன்பது கோல் முன்னால் நிற்கிறது. ஆனால் இரண்டாவது அணியாக முதல் டிவிஷனுக்கு ஏறியது போர்ட்ஸ்மத். கடைசி நாளில் 8-0 என்று வென்ற சிட்டியை, அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்கும் ஒரு கணக்கு வீழ்த்தியது அநீதி இல்லையா? அதே நாளில் போர்ட்ஸ்மத்தின் ஆட்டம் பிந்தித் தொடங்கியதால், எத்தனை கோல் தேவை என்று தெரிந்து ஆடியது அவர்களுக்குச் சாதகமாகிவிட்டதா? என் பத்து வயது மகனுக்கு அந்தக் காலக் கால்பந்தை எங்கிருந்து சொல்லத் தொடங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் என் கையிலும் அதே எண்கள்தான் இருந்தன. கப்பலில் பொறியாளராக இருந்த என் மாமா இறந்த பிறகு அவருடைய அலமாரியை ஒழித்தபோது, ஒரு நாட்குறிப்பின் நடுவே மடித்து வைத்திருந்த தினசரிக் காலண்டர் தாள் ஒன்று கிடைத்தது. அதன் பின்புறத்தில் பென்சிலால் இரண்டு வகுத்தல் கணக்குகள் போடப்பட்டிருந்தன. இரண்டாவது கணக்கு என் சிறுவயதுக் கையெழுத்து.

மாமாவின் கப்பல் 1979-இல் பழுது பார்ப்பதற்காக சவுத்தாம்ப்டனில் சில வாரங்கள் நின்றது. சனிக்கிழமைகளில் அவர் ரயில் ஏறி, போர்ட்ஸ்மத் அணியின் மைதானமான ஃப்ராட்டன் பார்க்குக்குப் போனார். போர்ட்ஸ்மத் அப்போது நான்காம் டிவிஷனில் கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர், எதிரே நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை விட்டுவிட்டு, தான் சிறுவனாக இருந்தபோது வந்த அந்தக் கடைசி நாளை, 1927 மே 7-ஆம் தேதியைப் பற்றியே அவரிடம் பேசிக்கொண்டிருந்தாராம். விடுமுறையில் ஊருக்கு வந்த மாமா என்னை உட்கார வைத்துச் சொன்ன முதல் கால்பந்துக் கதை அதுதான். கதையைப் பாதியில் நிறுத்தி, காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, "போர்ட்ஸ்மத்துக்கு நான் போடுகிறேன், சிட்டிக்கு நீ போடு" என்றார்.

அந்தத் தாளை இப்போது பார்த்தபடியே எழுதுகிறேன். 87-இல் 49 ஒரு முறை போகிறது, மீதி 38. அடுத்து 7, மீதி 37. மறுபடியும் 7, மீதி 27. என் பக்கத்தில் 108-இல் 61 ஒரு முறை போகிறது, மீதி 47. அடுத்து 7, மீதி 43. மறுபடியும் 7, மீதி 3. இரண்டு பேருக்கும் 1.77. அவர் 27-க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்து வகுத்து ஈவில் 5 போட்டார். என் மூன்றுக்குப் பக்கத்தில் பூஜ்யம் சேர்த்தால் முப்பதுதான் வருகிறது, அதில் 61 போகாது. நான் பூஜ்யம் போட்டேன். 1.775, 1.770. ஒரு கோலில் இருநூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் ஓர் ஊர் மேலே ஏறியது என்பது எனக்கு அப்படித்தான் புரிந்தது.

முதல் படியில் வந்த மீதிகளைக் கவனித்தீர்களா? 38-உம் 47-உம் நீங்கள் சொல்லும் அதே கோல் வித்தியாசங்கள். நீங்கள் அந்த முதல் படியிலேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அநீதி என்கிறீர்கள். இதை நான் ஏற்கமாட்டேன். கோல் வித்தியாச முறை இங்கிலாந்து லீக்கில் 1976-77-இல்தான் நடைமுறைக்கு வந்தது. லீக் தொடங்கிய காலத்திலிருந்து அதுவரை இருந்தது இந்த வகுத்தல், அதாவது கோல் சராசரிதான். சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லா அணிகளுக்கும் தெரிந்திருந்த விதியை, ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த விதியை வைத்துக் குற்றம் சொல்வது படிப்பாகாது, நண்பரே. பழைய பட்டியலைப் படிக்க உட்கார்ந்தால் அந்தக் காலத்துக் கண்ணோடு உட்கார வேண்டும்.

ஆட்டம் பிந்தித் தொடங்கியது பற்றிய உங்கள் சந்தேகத்தில் எனக்கு ஆர்வமில்லை. தேவையான கோல்களின் எண்ணிக்கை தெரிந்துவிட்டால் மட்டும் பந்து வலைக்குள் போய்விடாது. எதிரே அன்றைய எதிரணியான பிரெஸ்டனின் பதினொரு பேர் நின்றார்கள்.

ஆனால் அந்த 49-ஐப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1925-இல் ஆஃப்சைடு விதி மாறியது. பந்தைப் பெறுபவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையே மூன்று எதிரணி ஆட்டக்காரர்கள் இருக்க வேண்டும் என்பது இரண்டாகக் குறைந்தது. முதல் டிவிஷனில் 1924-25-இல் மொத்தம் 1,192 கோல்கள் விழுந்தன. அடுத்த ஆண்டே அது 1,703 ஆனது. தடுப்பவர்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறிய காலம் அது. 1926-27-இல் இரண்டாம் டிவிஷனை வென்ற மிடில்ஸ்பரோ 122 கோல் அடித்தது. அதில் ஜார்ஜ் கேம்செல் ஒருவர் மட்டுமே 59. போர்ட்ஸ்மத்திலும் வில்லி ஹெயின்ஸ் 40 அடித்தார். இந்தப் பெயர்களை எல்லோரும் சொல்கிறார்கள். மிடில்ஸ்பரோ 60 கோல் வாங்கிய, சிட்டி 61 வாங்கிய அதே டிவிஷனில், 42 ஆட்டங்களில் 49-உடன் நிறுத்திக்கொண்ட தடுப்பாட்டத்தை யாரும் சொல்வதில்லை. நீங்களும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் 108 வருகிறது, 8-0 வருகிறது, அநீதி வருகிறது. 49 வெறும் எண்ணாக வந்து போகிறது. கோல் சராசரியில் வாங்கிய கோல்தான் வகுக்கும் எண். சிட்டி வாங்கிய கோல்களில் ஒன்றே ஒன்று குறைந்திருந்தால், 108-ஐ 60-ஆல் வகுத்து 1.8 என்று ஏறியிருப்பார்கள். ஆண்டு முழுவதும் எங்கோ ஓரிடத்தில் ஒருவர் காலை நீட்டி ஒரே ஒரு பந்தைத் தடுத்திருந்தால் போதும். போர்ட்ஸ்மத் கடைசி நாளில் 5-1 என்று வென்றது. அந்த ஒற்றைக் கோலை வாங்காமல் இருந்திருந்தால் நான்கு அடித்தாலே போதும். வாங்கியதால் ஐந்தாவது தேவைப்பட்டது. 86-ஐ 49-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.755-தான் வரும்.

சிட்டிக்கு இது புதிய நோயும் அல்ல. 1925-26-இல் முதல் டிவிஷனிலிருந்து அவர்கள் கீழே இறங்கியபோது 89 கோல் அடித்து 100 வாங்கியிருந்தார்கள். 1937-இல் லீக்கையே வென்றுவிட்டு, அடுத்த ஆண்டில் அந்த டிவிஷனிலேயே அதிகமாக 80 கோல் அடித்தும் 77 வாங்கி மறுபடியும் இறங்கினார்கள்.

உங்கள் மனம் சிட்டிக்காக வலிப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எட்டுக் கோல் அடித்துவிட்டு வேறோர் ஊரின் செய்திக்காகக் காத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. சிறுவயதில் அந்தப் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு நான் அழுதிருக்கிறேன். சிட்டி மறு ஆண்டே இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்தது. மேலே ஏறிய போர்ட்ஸ்மத்தோ 1927-28-இல் ஒரே ஒரு புள்ளியில் தப்பியது. அந்த ஆண்டு கடைசி இடத்தில் முடித்து இறங்கியது, 122 கோல் அடித்த அதே மிடில்ஸ்பரோ. 1934-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் சிட்டியும் போர்ட்ஸ்மத்தும் நேருக்கு நேர் வந்தபோது சிட்டி 2-1 என்று வென்றது.

உங்கள் மகனுக்கு ஒரு பென்சிலும் காலண்டர் தாளும் கொடுங்கள். 1949-50-இல் போர்ட்ஸ்மத்தும் வுல்வ்ஸும் 53 புள்ளிகளுடன் லீக்கின் உச்சியில் சமமாக நின்றார்கள். போர்ட்ஸ்மத் 74 அடித்து 38 வாங்கியது. வுல்வ்ஸ் 76 அடித்து 49 வாங்கியது. ஒரு கணக்கை நீங்கள் போடுங்கள், மற்றதை அவன் போடட்டும். கோப்பை யாருக்குப் போனது என்பதை வகுத்து முடிக்கும் வரை அவனிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்.