ஓமந்தூரார்: எந்தப் பட்டியலிலும் சேராதவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுதலைக்குப் பிந்தைய தமிழக முதல்வர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது. நேர்மைக்குப் பெயர் பெற்றவர் என்று சொல்லிவிட்டு நேராகக் காமராஜருக்குப் போய்விட்டீர்கள். எங்கள் பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். சிபாரிசுக் கடிதத்தோடு போனவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர் என்று என் தாத்தா அவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஆனால் இரண்டே ஆண்டுகளில் சொந்தக் கட்சிக்காரர்களே அவரை இறக்கிவிட்டார்கள் என்றும் படிக்கிறேன். கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தவர் என்று ஒரு நண்பர் அவரைத் திட்டுகிறார். இடஒதுக்கீட்டுக்கு அவர் செய்ததை யாரும் செய்யவில்லை என்று இன்னொருவர் புகழ்கிறார். இரண்டும் ஒரே ஆள்தானா? நேர்மை என்ற ஒன்றைத் தவிர அவரை நினைவில் வைத்துக்கொள்ளக் காரணம் உண்டா?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒரு வரி என் பிழைதான். தப்பித்துக்கொள்ள நினைக்கும்போது நாம் எல்லோரும் எழுதும் வரி அது. ஓமந்தூராரைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் அவருடைய நேர்மையைப் பற்றி இரண்டு கதைகள் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்தக் கதைகளின் இனிப்பில் அவர் கையெழுத்தில் வெளிவந்த சட்டங்களை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் தாத்தா சொன்னது உண்மையாகவே இருக்கும். ஆனால் சிபாரிசை மறுப்பது ஒரு மனிதரின் குணம். அரசை நடத்தியவரை எடைபோட அது மட்டும் போதாது.

முதலில் ஒரு சிறு திருத்தம். அவர் பதவியில் இருந்தபோது முதலமைச்சர் என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை அவர் சென்னை மாகாணத்தின் பிரதமர். அந்த மாகாணமும் இன்றைய தமிழ்நாடு இல்லை. கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென்கன்னடம் எல்லாம் சேர்ந்த பெரும்பரப்பு. திண்டிவனத்துக்கு அருகே ஓமந்தூரில் 1895இல் பிறந்து, தென்னாற்காட்டுக் காங்கிரஸ் வழியாக வளர்ந்த ஒரு விவசாயி, நான்கு மொழிக்காரர்களும் ஏழெட்டுக் கோஷ்டிகளும் நிறைந்த சட்டமன்றக் கட்சிக்குத் தலைவரானார் என்பதே வியப்புக்குரியது. அவருக்கு முன் பிரதமராக இருந்த டி. பிரகாசத்தின் மீது கட்சிக்குள்ளேயே நம்பிக்கை இல்லாமல் போனபோது, காமராஜரின் தமிழகக் கோஷ்டியும் பிரகாசத்துக்கு எதிரான ஆந்திரத் தலைவர்களும் சேர்ந்து ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு பெயர் தேவைப்பட்டது. தனக்கென்று கோஷ்டி இல்லாதவர் என்பதே அன்று அவருடைய தகுதியாக இருந்தது. வள்ளலாரிடமும் ரமணரிடமும் ஈடுபாடு கொண்ட அவர், திருவண்ணாமலைக்குப் போய் ரமணரின் சம்மதம் பெற்ற பிறகே பதவியை ஏற்றார் என்று சொல்வதுண்டு.

இனி உங்கள் நண்பர்கள் இருவருக்கும் வருகிறேன். இரண்டும் ஒரே ஆள்தான். 1948 மார்ச்சில் பெரியாரின் தொண்டர் அணியான கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது ஓமந்தூரார் அரசு. அதே ஆண்டில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அந்த அரசுதான். கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம்; தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு வித்திட்டவரும், தமிழைப் பயிற்று மொழியாக்கப் பாடுபட்டவரும் அவரே என்பது இந்தக் கதையின் விசித்திரங்களில் ஒன்று. பெரியாரும் அண்ணாவும் போராட்டத்தில் இறங்கினார்கள். தலைமை ஆளுநராகச் சென்னைக்கு வந்த ராஜாஜிக்குக் கருப்புக் கொடி காட்டப்பட்டது. பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கம்யூனிஸ்டுகள் விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கப்பட்டதும் இந்த ஆண்டுகளில்தான், ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்தார். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு அவரைப் புகழ நான் தயாரில்லை. எதிர்ப்பை ஒழுங்குக் கேடாகப் பார்க்கும் பழைய காங்கிரஸ்காரரின் கண் அவருக்கும் இருந்தது.

இப்போது மறுபக்கம். சாதி, மத வாரியாக இடங்களைப் பங்கிட்ட வகுப்புவாரி பிரதிநிதித்துவ ஆணையை நாம் நீதிக்கட்சிக் காலத்தோடு முடித்துவிடுகிறோம். 1927 முதல் நடைமுறையில் இருந்த ஏற்பாட்டின்படி, நிரப்ப வேண்டிய ஒவ்வொரு 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பிராமணரல்லாதார் என்ற ஒரே கூடையில் வேளாளரும் நாயுடுவும் ரெட்டியாரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத சாதிகளும் அதே கூடையில் இருந்தன. போட்டி என்று வரும்போது அந்த 5 இடங்கள் யாருக்குப் போயிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1934இல் தொடங்கப்பட்ட சென்னை மாகாணப் பிற்படுத்தப்பட்டோர் சங்கம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 1947இல் ஓமந்தூரார் அரசு அந்தக் கணக்கை மாற்றியது. மொத்தம் 14 இடங்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1.

அந்த 'பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2' என்ற வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிற்படுத்தப்பட்டோர் தனிப் பிரிவாக ஒரு பங்கைப் பெற்றது அந்த வரியில்தான். தாழ்த்தப்பட்டோரின் பங்கும் அதே ஆணையில்தான் 12இல் 1 என்பதிலிருந்து 14இல் 2 ஆனது. சிறுபான்மையினரின் பங்கு குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எந்தக் கணக்கிலும் ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் கழிக்கத்தான் வேண்டியிருக்கிறது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது இந்த 14 இடக் கணக்கைத்தான். அந்தத் தீர்ப்புக்கு எதிராகத் தமிழகம் கொந்தளித்ததும், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) என்ற பிரிவு சேர்க்கப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. அந்த வரலாற்றைச் சொல்லும் மேடைகளில் ஆணையைத் திருத்தியவரின் பெயர் வருவதே அபூர்வம். அவருடைய எதிரிகள் அன்றே அவரைத் தாடியில்லாத ராமசாமி என்று கேலி செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. தாடியுள்ள ராமசாமியின் படையைத் தடை செய்தவருக்கு அந்தப் பட்டம்!

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரை முழுதாகச் சொந்தம் கொண்டாட யாராலும் முடியவில்லை. திராவிட இயக்கத்தார் கொண்டாட இந்தித் திணிப்பும் கருஞ்சட்டைத் தடையும் குறுக்கே நிற்கின்றன. காங்கிரஸ்காரர்கள் கொண்டாடினால் அவரை இறக்கியது யார் என்ற பேச்சு எழும். அது காமராஜரில் போய் நிற்கும். இடதுசாரிகளுக்குச் சிறைக் கணக்கு இருக்கிறது. ஆன்மிகவாதிகளுக்கு அவர் வள்ளலார் அன்பர் என்பது பிடிக்கும். ஆனால் மடங்களின் கணக்கு வழக்குகளை அரசின் மேற்பார்வைக்குள் இறுக்கிக் கொண்டுவந்த 1951ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்துக்கான முயற்சி இவர் காலத்திலேயே தொடங்கியது என்பது பிடிக்காது. ஆக, ஒவ்வொரு தரப்பும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச்சொத்து நேர்மை ஒன்றுதான். அது யாரையும் சங்கடப்படுத்துவதில்லை.

சட்டங்களின் பட்டியலை முழுதும் தருவது என் நோக்கமில்லை. எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்த 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு ஆகியவை ராஜாஜி காலத்தில் தொடங்கியவற்றின் தொடர்ச்சி. ஆனால் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க மசோதா கொண்டுவந்த சமயத்தில், 1930இல், காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து சட்டசபைப் பதவியைத் துறந்தார். மசோதா உறங்கிப்போனது. இடையில் எத்தனையோ அமைச்சரவைகள் வந்து போயின. 1937இல் காங்கிரஸே ஆட்சிக்கு வந்து போனது. 17 ஆண்டுகள் கழித்து ஓமந்தூரார் காலத்தில்தான் அது சட்டமாயிற்று. பொட்டுக்கட்டுவது குற்றம் என்று சொன்னதோடு அது நிற்கவில்லை. ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண் செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பகுதிதான் உயிரோடிருந்த பெண்களுக்கு உதவியது.

பாரதியின் எழுத்துகள் பொதுவுடைமையானதிலும் இவர் அரசுக்குப் பங்குண்டு. பாரதி பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. நாடகக் கலைஞர் டி.கே. சண்முகம் தம் படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது அது வழக்குவரை போயிற்று. எழுத்தாளர்கள் திரண்டு அரசிடம் முறையிட்டார்கள். செட்டியார் பணம் எதுவும் பெறாமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் அரசு பாரதியின் படைப்புகளைத் தன்வசமாக்கிக்கொண்டு, பிறகு மக்களுக்கு விட்டது. நாம் இன்று எந்தத் தடையுமின்றி மேற்கோள் காட்டும் ஒவ்வொரு பாரதி வரிக்கும் பின்னால் அந்த முடிவு இருக்கிறது.

அவர் விழுந்த கதை சுருக்கமானது. 1948இல் பிரகாசம் மீண்டும் தலைமைக்குப் போட்டியிட்டபோது ஓமந்தூரார் வென்றார். ஆனால் கோஷ்டியில்லாத பிரதமர் கோஷ்டிகளின் தயவில்தான் நீடிக்கமுடியும். மாற்றல், ஒப்பந்தம், உரிமம் என்று வந்து நின்ற உறுப்பினர்களுக்கு அவர் எதுவும் செய்துகொடுக்கவில்லை. காமராஜருக்கும் அவருக்கும் இடையே இருந்த இணக்கமும் தேய்ந்தது. 1949 ஏப்ரலில் அவர் விலகினார். காமராஜர் தரப்பின் ஆதரவோடு பூ.ச. குமாரசாமி ராஜா வந்தார். இதைக் காமராஜரின் குற்றம் என்று சொல்லமாட்டேன். கட்சியை நடத்துகிறவருக்கு உறுப்பினர்களின் முணுமுணுப்பும் ஒரு நிதர்சனம்; அதைக் காதில் வாங்காதது ஓமந்தூராரின் பலமும் பலவீனமும். அதன் பிறகு அவர் வடலூரில் சுத்த சன்மார்க்க நிலையத்தை அமைத்துக் கல்விப் பணியிலும் வள்ளலார் பணியிலும் கழித்தார். 1970 ஆகஸ்டில் மறைந்தார்.

சென்ற மாதம் ஓர் உறவினரோடு ஓமந்தூரார் அரசினர் தோட்டத்து மருத்துவமனைக்குப் போயிருந்தேன். தலைமைச் செயலகத்துக்காகக் கட்டி 2010இல் திறந்து, 2014இல் மருத்துவமனையாக மாறிய அதே கட்டடம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர் தொலைபேசியில், "ஓமந்தூரார்ல இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ஒரு மனிதரின் பெயர் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யோசித்தால் அது அவருடைய பெயரும் இல்லை, ஊரின் பெயர்தான். சாதிப் பட்டத்தை உதிர்த்துவிட்டு ஊர்ப்பெயரோடு நிலைத்தது ஒருவகையில் அவருக்குப் பொருத்தம்தான்.

சிவகங்கைப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் ஜமீன்தாரி ஒழிப்பைக் கடைசிக்கு வைத்தேன். 1802இன் நிரந்தர நிலவரித் திட்டம் ஏற்படுத்திய ஜமீன்களை அரசே எடுத்துக்கொண்டு, நிலம் வைத்திருப்பவர் அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டம் 1948இல் நிறைவேறியது; வருவாய் அமைச்சர் கலா வெங்கட ராவ். விஜயநகரம், பொப்பிலி முதல் இராமநாதபுரம், சிவகங்கை வரை எல்லாம் அதில் அடக்கம். அந்தச் சட்டத்தின் குறைகளும் பெரியவை. பண்ணை நிலம் என்று காட்டியதற்கு ஜமீன்தாருக்கே பட்டா கிடைத்தது. குடியானவருக்குக் கீழே உழுதவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தஞ்சையின் குத்தகைதாரரையும் பண்ணையாளையும் அது எட்டவேயில்லை. அவர்களுக்கான சட்டத்துக்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருந்தும், ஜமீன் கச்சேரியில் கைகட்டி நின்று கிஸ்தி கட்டிய குடும்பங்கள் சர்க்காருக்கு நேராக வரி கட்டும் பட்டாதாரர்கள் ஆயின.

உங்கள் பூர்வீக வீட்டில் தகரப் பெட்டி ஏதேனும் மிஞ்சியிருந்தால், செட்டில்மெண்ட் காலத்துக் காகிதங்களைத் தேடிப் பாருங்கள். தாத்தா சொன்ன கதையிலிருந்த பெயர் அவற்றில் இருக்காது. ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைக் குறிக்கும் "26/48" என்ற எண், அதாவது 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம், இருக்கக்கூடும். கிடைத்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்.