புலம்பறதுக்கு காசு எதுக்கு?

கேள்வி: அப்பா தவறி அஞ்சு மாசம் ஆச்சு. அவரோட போனுக்கு அம்மா இன்னும் தினமும் ராத்திரி சார்ஜ் போட்டு வைக்கிறாங்க. கவுன்சிலிங் கூட்டிட்டுப் போலாம்னா, "புலம்பறதுக்கு காசு கொடுக்கணுமா, நாம இல்லையா"ன்னு அண்ணன் கேக்கறான். நியாயம்தானே?

பதில்: நீங்கல்லாம் இருக்கீங்க, சிக்கலே அங்கதான். அம்மா அப்பா பேச்சை எடுத்ததும் வீட்ல என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க, ஒருத்தர் "அழாதம்மா"ங்கறார், இன்னொருத்தர் டிவியைப் போடறார், ஏன்னா அந்தப் பேச்சு உங்களுக்கே தாங்கல, அது அம்மாவுக்கும் தெரியுது, புள்ளைங்க மனசு கஷ்டப்பட வேணாம்னு வாயை மூடிக்கிட்டு ராத்திரி சார்ஜரைத் தேடறாங்க. கவுன்சிலருக்கு உங்க அப்பா யாரோ. அதனாலதான் "அந்த போன்ல என்ன இருக்கு?"ன்னு அவரால நிதானமா கேக்க முடியும். எடுக்காம விட்ட கடைசி கால் ஒண்ணு இருக்கலாம். கோவம் கூட இருக்கலாம் (செத்தவர் மேல கோவம்னு பெத்த புள்ளைகிட்ட எந்த அம்மா சொல்லுவாங்க?). அறிவுரை சொல்றவர்தான் கவுன்சிலர்னு நெனச்சா, அதை சொந்தக்காரங்களே இலவசமா கொடுத்துட்டு இருக்காங்களே.

அதுக்காக சார்ஜ் போடறதை வியாதின்னும் முடிவு கட்டாதீங்க. நீடிச்ச துக்கத்தை கோளாறுன்னு சொல்லணும்னா உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11 கணக்குல குறைஞ்சது 6 மாசம் ஆகியிருக்கணும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022ல சேர்த்த வரையறைப்படி 12 மாசம், அதுவும் நாள் கணக்கு மட்டும் போதாது, அந்த துக்கம் அன்றாட வாழ்க்கையைப் பெரிய அளவுல பாதிச்சிருக்கணும். அப்புறம் இந்த "துக்கத்தோட அஞ்சு கட்டம்" (மறுப்பு, கோவம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு சொல்வாங்களே). அது 1969ல எலிசபெத் கூப்ளர்-ராஸ்ங்கற மனநல மருத்துவர், சாகப்போற நோயாளிங்ககிட்ட பேசி எழுதினது. அதை வச்சு அம்மா மூணாவதா நாலாவதான்னு மார்க் போடாதீங்க. 1999ல ஸ்ட்ரோபே, ஸ்குட்னு ரெண்டு துக்க ஆராய்ச்சியாளர்கள் சொன்னதுதான் வீட்டு நடப்போட ஒத்துப்போகுது, கொஞ்ச நேரம் அழுகை, கொஞ்ச நேரம் கரண்ட் பில், மனசு ரெண்டுக்கும் நடுவுல போய்ட்டு வந்துட்டு இருக்கும், ஒரே பக்கம் மாட்டிக்கிட்டாதான் வம்பு.

அப்பா போனது அம்மா கண்ணு முன்னாடி, விபத்துலன்னா கதை வேற. "என்ன நடந்துச்சு, மறுபடி சொல்லுங்க"ன்னு யாரும் நோண்டக் கூடாது, ட்ராமா சிகிச்சை, அதாவது அதிர்ச்சியில மனசுல பட்ட காயத்துக்கான சிகிச்சை பழகினவர் வேணும், அவர் முதல்ல அம்மாவை நிதானத்துக்குக் கொண்டு வந்துட்டுத்தான் அந்த நாள் பக்கமே போவார். சாப்பாடு தூக்கம் சுத்தமா போச்சு, "நானும் போய்டறேன்"னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, மாசக் கணக்கெல்லாம் பாக்காம அன்னிக்கே மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

மத்தபடி, வர்றீங்களான்னு முதல்ல அம்மாவைக் கேளுங்க. உங்க லெட்டர்ல அண்ணன் சொன்னது இருக்கு, நீங்க சொன்னது இருக்கு, அம்மா என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி கூட காணோமே.