ஃபைவரில் (ஃப்ரீலான்ஸ் வேலைகளை வாங்கி விற்கும் இணையதளம்) வரும் ஆர்டர்களை வாடிக்கையாளர்கள் பாதியில் ரத்து செய்துவிடுகிறார்கள். தவிர்க்க என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியில் மூன்று ரத்துகளைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவர் "நான் நினைத்தது இது இல்லை" என்று போய்விட்டார். ஒருவர் உங்களிடம் எதுவும் பேசாமல் ஆர்டர் போட்டு, நீங்கள் செய்யாத வேலையைக் கேட்டார். மூன்றாவது, சொன்ன நாளில் கொடுக்க முடியாமல் போனது. நீங்கள் லோகோ டிசைன் செய்கிறீர்கள். நான் எம்பிராய்டரி டிஜிடைசிங் செய்கிறேன். லோகோ படத்தை எம்பிராய்டரி மெஷின் படிக்கிற ஃபைலாக மாற்றிக் கொடுக்கும் வேலை. மதுரை செல்லூரில் வீட்டிலிருந்தே ஆறு வருடமாகச் செய்கிறேன். வேலை வேறு என்றாலும் எனக்கு ரத்தானவையும் பெரும்பாலும் இந்த மூன்று காரணங்களால்தான்.

முதல் காரணத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

என் அப்பா தையல்காரர். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில், தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றும்வரை அங்கேதான் இருந்தார். கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் சாயங்காலத்துக்குள் சட்டை வேண்டும் என்று வந்து நிற்பார்கள். அவர்கள் பேசுவது அப்பாவுக்குப் புரியாது, அப்பா பேசுவது அவர்களுக்குப் புரியாது. ஆனாலும் தைத்த சட்டை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. காரணம் அளவுச் சட்டை. நாடா வைத்து அளந்த பிறகும், அவர்கள் போட்டுப் பழகிய ஒரு சட்டையை வாங்கிப் பக்கத்தில் விரித்து வைக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டார். "கொஞ்சம் லூசா இருக்கட்டும்னு நீ சொல்றதுக்கும் அவர் சொல்றதுக்கும் ரெண்டு இஞ்சு வித்தியாசம் வரும்மா" என்பார்.

நான் வேலையை ஆரம்பித்த வருடம் இதை மறந்துவிட்டேன். டெக்சாஸிலிருந்து ஒருவர் லோகோ அனுப்பினார். நானும் நான்கு இஞ்சு அகலத்தில் அழகாகச் செய்து கொடுத்தேன். அவருக்கு அது தொப்பியில் போட! தொப்பிக்கு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரிகிற மாதிரி தையல் வரிசை போட வேண்டும். இல்லாவிட்டால் துணி ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் எழுத்து கோணிவிடும். அவர் தைத்துப் பார்த்தார், கோணியது, ரத்து செய்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. எதில் தைக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

இப்போது ஃபைவரில் ஆர்டர் போட்டதும் வாடிக்கையாளருக்குப் போகும் கேள்விகளில் நான்கைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறேன். எந்தத் துணி, சட்டையா தொப்பியா? எத்தனை இஞ்சு? எந்த மெஷின்? இதற்கு முன் தைத்ததில் உங்களுக்குப் பிடித்த ஒன்றின் போட்டோ இருக்கிறதா? நான்காவதுதான் என் அளவுச் சட்டை. மெஷினைக் கேட்பது ஃபைல் வகைக்காக. பிரதருக்கு பிஇஎஸ், ஜனோமுக்கு ஜேஇஎஃப், தஜிமா மாதிரி பெரிய மெஷின்களுக்கு டிஎஸ்டி. லோகோவில் கால் இஞ்சுக்கும் சின்னதாக எழுத்து இருந்தால், "இது நூலில் தெளிவாக விழாது, பெரிதாக்கவா, எடுத்துவிடவா?" என்று வேலையைத் தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுவேன். முடித்த பிறகு இதையே சொன்னால் அவருக்குச் சாக்காகத்தான் கேட்கும்.

உங்கள் தொழிலில் அளவுச் சட்டை என்ன? பிடித்த லோகோ மூன்றும், பிடிக்கவே பிடிக்காத லோகோ ஒன்றும் அனுப்பச் சொல்லுங்கள். "மாடர்னாக வேண்டும்" என்று எழுதுகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்பது அந்தப் பிடிக்காத ஒன்றில் தெரிந்துவிடும். அப்புறம், நிறம் தீட்டுவதற்கு முன் கறுப்பு வெள்ளையில் ஒரு வரைவைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. "இது இல்லை" என்ற பதில் அந்தக் கட்டத்தில் வந்தால் திருத்தம், கடைசியில் வந்தால் ரத்து.

பேசாமல் ஆர்டர் போடுகிறவர்களை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் கட்டாயக் கேள்விகளுக்கு அவர் பதில் எழுதும்வரை ஆர்டரின் கடிகாரம் ஓடாது. நாம் செய்யாத வேலைகளை கிக் (நம் சேவையை விற்பனைக்குப் போடும் பக்கம்) விவரத்தின் முதல் இரண்டு வரியிலேயே எழுதிவிட வேண்டும், கீழே போட்டால் யாரும் படிப்பதில்லை. பெரிய கம்பெனிகளின் லோகோவை அப்படியே கேட்டு வருகிறவர்களுக்காக, "டிரேட்மார்க் உள்ளவை செய்வதில்லை" என்று நான் மேலேயே போட்டிருக்கிறேன். அந்த ரகம் ஆர்டர்கள் அதன்பின் வெகுவாகக் குறைந்துவிட்டன.

தாமதம் பற்றி. மூன்று வருடம் முன்பு சித்திரைத் திருவிழா வாரத்தில் நான்கு ஆர்டர் எடுத்து வைத்திருந்தேன். அழகர் ஆற்றில் இறங்கும் சமயம் செல்லூர்க்காரர்கள் வீட்டில் எத்தனை பேர் தங்குவார்கள் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உசிலம்பட்டிச் சித்தி குடும்பம், மேலூர் மாமா குடும்பம், எல்லாரும் வந்தாயிற்று. எதிர்சேவை அன்று இரவு கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் ஐந்து குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆர்டர் தள்ளிப்போகும் என்று அப்போதே தெரிந்தது. கெடுவுக்கு 30 மணி நேரம் இருந்தது. உடனே உட்கார்ந்து எழுதினேன்: "வீட்டில் ஊர்த் திருவிழா, உங்கள் வேலை பாதி முடிந்திருக்கிறது, இதோ படம், இரண்டு நாள் கூடுதலாக வேண்டும்." கூடவே தளத்தில் கால நீட்டிப்புக் கோரிக்கையும் அனுப்பினேன். அவர் ஒத்துக்கொண்டார். இதே செய்தியைக் கெடு தாண்டிய பிறகு அனுப்பியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

எந்நேரத்துக்கு அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். கோடையில் டெக்சாஸ் நமக்கு 10½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. நம் காலையில் அனுப்பினால் அங்கே தூங்கப்போகும் நேரம். ராத்திரி 10 மணிக்கு அனுப்பினால் அவர்களுக்குப் பகல் 11:30, பதில் கையோடு வரும். பண்டிகை நாட்களையும், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் பகலையும் கணக்கில் வைத்தே நாள் சொல்கிறேன். இரண்டு நாள் வேலைக்கு நான்கு நாள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: கெடுவைத் தப்பிக்க, முடிக்காத வேலையையோ காலி ஃபைலையோ டெலிவரி பட்டனில் அனுப்பிவிடுவது. அது தளத்தின் விதிக்கும் விரோதம், வாடிக்கையாளரின் நம்பிக்கையும் அதோடு போய்விடும்.

இவ்வளவு செய்தும் ரத்து கேட்டு வரத்தான் செய்யும். 15 டாலர் ஆர்டரில் ஃபைவரின் 20% போக 12 டாலர் கைக்கு வரும். அது போகிறதே என்று வயிறு எரியும். அந்த நிமிடம் பதில் எழுத வேண்டாம். நானும் ஒருமுறை கோபமாக எழுதி, ரத்தோடு கெட்ட பெயரையும் வாங்கியிருக்கிறேன். சென்ற வருடம் கனடாவிலிருந்து ஒருவர், "துணி சுருங்குகிறது, உங்கள் ஃபைல் சரியில்லை, ரத்து செய்கிறேன்" என்று எழுதினார். "சிரமத்துக்கு மன்னியுங்கள், தைத்ததை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். பின்பக்கப் போட்டோவைப் பார்த்ததும் புரிந்தது, துணிக்கு அடியில் பேக்கிங் (backing, துணி சுருங்காமல் தாங்கும் தாள்) வைக்காமலே தைத்திருக்கிறார். பனியன் துணி என்றால் சுருங்காமல் என்ன செய்யும்? எந்த ரகம் வைக்க வேண்டும் என்று சொல்லி, தையல் நெருக்கத்தையும் கொஞ்சம் குறைத்து வேறு ஃபைல் அனுப்பினேன். மறுநாள் தொப்பி ஒன்றுக்கும் சேர்த்து ஆர்டர் போட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபைலோடும் எந்தத் துணிக்கு அடியில் என்ன வைக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதித்தான் அனுப்புகிறேன். நீங்களும் லோகோவோடு எந்த ஃபைல் அச்சுக்கு, எது வெப்சைட்டுக்கு, எது வாட்ஸ்ஆப்புக்கு என்று எழுதி அனுப்பிப் பாருங்கள்.