குடும்பத்தோடு கப்பல் பயணம்: எந்தக் கட்டணத்தில், யாரிடம் பதிவு செய்வது?

கேள்வி கேட்டவர் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர். தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர். சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு சொகுசுக் கப்பலில் போக ஆசைப்படுகிறார்கள். ஒரே அறைக்கு இணையத்தில் மூன்று நான்கு விலை இருக்கிறதே, எதை எடுப்பது, நேரடியாகப் பதிவு செய்வதா ஏஜெண்டிடம் போவதா என்று கேட்டிருக்கிறார்.

நானும் சுங்கை சிப்புட்தான். எங்கள் சொந்தக்காரர்களுக்கும் தாமானில் (குடியிருப்பில்) உள்ளவர்களுக்கும் இந்தப் பதிவுகளைச் செய்து கொடுத்து வருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது "எது ரொம்ப மலிவு?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் வீட்டில் அடுத்த சில மாதங்களில் எது மாறக்கூடும்? பாட்டிக்கு ஆஸ்பத்திரித் தேதி இருக்கிறதா, செம்பனை ஆலையில் லீவு உறுதியா, அண்ணன் மகள் நிச்சயதார்த்தம் எப்போது? கட்டண வகை என்பதே, இப்படி ஏதாவது மாறினால் நஷ்டம் யாருடையது என்று முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தம். விலை குறையக் குறைய அந்த நஷ்டம் உங்கள் பக்கம் வருகிறது.

டெபாசிட்டிலிருந்து தொடங்குகிறேன். ஒரே அறைக்கு இரண்டு விலை தெரிந்தால், பெரும்பாலும் ஒன்று டெபாசிட் திரும்பக் கிடைக்கும் கட்டணம், இன்னொன்று திரும்பக் கிடைக்காதது. இரண்டாவதுதான் மலிவு. ஆனால் ரத்து செய்தால் கட்டிய முன்பணம் போய்விடும். ராயல் கரீபியன் கப்பல்களில் அந்த மலிவுக் கட்டணத்தை எடுத்துவிட்டுத் தேதியையோ கப்பலையோ மாற்றினால் ஆளுக்கு 100 அமெரிக்க டாலர் மாற்றுக் கட்டணம் உண்டு. ஆறு பேருக்கு 600 டாலர். விலையில் மிச்சம் பிடித்ததை விட அது அதிகமாகிவிடலாம்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. "திரும்பக் கிடைக்கும்" என்ற பாதுகாப்பு, முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி வரைதான். ராயல் கரீபியனில் நான்கு இரவு வரையிலான பயணங்களுக்கு அந்தத் தேதி கப்பல் புறப்படுவதற்கு 75 நாள் முன்னால் வரும், ஐந்து இரவும் அதற்கு மேலும் என்றால் 90 நாள் முன்னால். அந்த நாள் கடந்துவிட்டால் எந்தக் கட்டணத்தில் எடுத்திருந்தாலும் ரத்து அபராதம் ஒன்றுதான், நாள் நெருங்க நெருங்க அது முழுக் கட்டணத்தையும் விழுங்கிவிடும். துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டும் பொதுவாகத் திரும்பி வரும். நம் ஊரில் பாதிப் பேர் பயணத்தை இரண்டு மாதம் இருக்கும்போதுதான் முடிவு செய்கிறோம். அந்த நேரத்தில் கூடுதல் பணம் கொடுத்துத் திரும்பக் கிடைக்கும் வகையை எடுப்பதில் ஒரு பயனும் இல்லை. ஏழெட்டு மாதம் முன்பே பதிவு செய்பவர்களுக்கு, அதுவும் வயதானவர்கள் கூட வரும் குடும்பத்துக்கு, அந்தக் கூடுதல் பணம் நல்ல செலவு. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பயணங்களுக்கு விதிகள் கொஞ்சம் மாறலாம், அதனால் பணம் கட்டும் முன் உங்கள் பதிவுக்குரிய ரத்து அட்டவணையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேரண்டி அறை. உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்ற வகையை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். எந்தத் தளம், எந்த எண் என்பதைக் கம்பெனி பிறகு ஒதுக்கும். நீங்கள் வாங்கிய வகைக்குக் கீழே தரமாட்டார்கள், சில சமயம் மேலான அறைகூடக் கிடைக்கும். இளம் தம்பதி இரண்டு பேர் போனால் தாராளமாக எடுக்கலாம். உங்களுக்கு நான் எடுக்கச் சொல்லமாட்டேன். இரண்டு அறை எடுத்தால் ஒன்று முன்பக்கம் ஐந்தாம் தளத்திலும் மற்றது பின்பக்கம் பத்தாம் தளத்திலும் அமையலாம். எங்கள் தாமானில் ஒரு அக்கா குடும்பத்துக்கு அப்படித்தான் ஆனது. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு ஒவ்வொரு வேளையும் மகள் கப்பலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க வேண்டியிருந்தது.

பெரியவர்களுக்கு அறை இருக்கும் இடம் உண்மையில் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த் தளங்களிலும் ஆட்டம் குறைவு. லிஃப்ட் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் நேர் மேலே நீச்சல் குளமோ இசை அரங்கமோ இருக்கக் கூடாது. நம் தாத்தா பாட்டிகளில் சிலருக்குக் கப்பல் என்றாலே 'ரஜுலா' நினைவுதான். 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய அந்தக் கப்பலில் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே தங்கும் 'டெக்' பயணிகளாக, பாய் விரித்துப் படுத்து, வாந்தியும் மயக்கமுமாக வந்து இறங்கினார்கள். அதைக் கேட்டு வளர்ந்த என் பெரியம்மா கப்பலுக்கு வரவே மறுத்தார். அறையின் படத்தைக் காட்டி, அது இருக்கும் இடத்தைக் கப்பல் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். இன்றைய பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் உண்டு, மலாக்கா நீரிணையும் சுமத்ரா மறைவில் பொதுவாக அமைதியானது. ஆண்டின் நடுப்பகுதியில் புக்கெட் பக்கம் போனால் தென்மேற்குப் பருவக்காற்றால் அலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அங்குள்ள பாத்தோங் கடற்கரையில் நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்கு இறக்குவார்கள், பாட்டிக்கு அது சிரமம்.

ஆறு பேருக்கு அறை பிரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பர விலை எப்போதுமே ஓர் அறையில் இருவர் என்ற கணக்கில், ஓர் ஆளுக்கு. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு விலை குறைவு, சில சலுகைகளில் கப்பல் கட்டணமே இல்லை. ஆகவே நான்கு, இரண்டு என்று பிரித்தாலும் மூன்று, மூன்று என்று பிரித்தாலும் நான்கு பேருக்கு முழு விலை, இருவருக்குக் குறைந்த விலை. வித்தியாசம் பெரிதாக வராது, சௌகரியத்தைப் பார்த்துப் பிரியுங்கள். நானாக இருந்தால் தாத்தா பாட்டிக்குத் தனியாக ஒரு பால்கனி அறையும், மற்ற நால்வருக்கு அதே தளத்தில் ஜன்னல் அறையோ உள் அறையோ போடுவேன். நால்வர் தங்கும் அறைகள் கப்பலில் குறைவு, முதலில் தீர்ந்துபோவதும் அவைதான். கடைசி நேரத் தள்ளுபடிக்காகக் காத்திருப்பது இருவருக்குச் சரி, ஆறு பேருக்குச் சரிப்படாது. யாராவது தனியாகப் போனால் இரண்டு பேர் கட்டணத்தையே ஏறக்குறையக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் கட்டணத்துக்கு வருகிறேன். பிரின்சஸ் கப்பல்களில் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரீமியர் என்று படிகள் உண்டு, மேல் படிகளில் பானம், வைஃபை, ஊழியர் டிப்ஸ் எல்லாம் அடங்கும். எம்எஸ்சி கம்பெனியில் பெல்லா, ஃபன்டாஸ்டிகா, அவ்ரியா என்று போகும், பெல்லாவில் அறையை அவர்களே ஒதுக்குவார்கள். இந்த மேல் படிகள் நிறையக் குடிப்பவர்களுக்கும் நீண்ட பயணத்துக்கும் லாபம். பல கம்பெனிகளில் ஓர் அறையில் ஒரு பெரியவர் மதுபான பேக்கேஜ் வாங்கினால் அதே அறையில் உள்ள மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. மாமா ஒருவர் மாலையில் இரண்டு பியர் குடிப்பதற்காக அத்தைக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது நியாயமில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, தண்ணீர், சாதாரணத் தேநீர், காப்பி எல்லாம் எந்தக் கட்டணத்திலும் அடக்கம். சைவம் சாப்பிடுபவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜெந்திங் ட்ரீம் கப்பலில் ஹலால், சைவ, ஜைன உணவுக்குத் தனிச் சான்றிதழே வாங்கியிருக்கிறார்கள்.

விலையை ஒப்பிடும்போது அறையின் மொத்தத்தை ரிங்கிட்டில் எழுதிப் பாருங்கள். கப்பல் கட்டணம், துறைமுகக் கட்டணமும் வரியும், டிப்ஸ். டிப்ஸைச் சிறியது என்று விடாதீர்கள். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர் என்ற கணக்கை வைத்தால், ஆறு பேருக்கு நான்கு இரவுக்கு 444 டாலர், அதாவது 1,700 ரிங்கிட்டைத் தாண்டும். குழந்தைக்கும் உண்டு. "பிள்ளைகளுக்கு இலவசம்" என்ற சலுகையிலும் அவர்களுடைய துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் நாம்தான் கட்ட வேண்டும். கார்டில் சிங்கப்பூர் டாலராகவோ அமெரிக்க டாலராகவோ போனால் வங்கி தன் பங்குக்கு மாற்றுக் கட்டணம் சேர்க்கும்.

தேதிக்கு நான் செய்வது, நம் பள்ளி விடுமுறை நாட்காட்டியையும் சிங்கப்பூர் பள்ளி விடுமுறை நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. அங்கே ஜூன் மாதமும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரையும் விடுமுறை, அப்போது விலை ஏறிவிடும். நமக்கு விடுமுறையாகவும் அவர்களுக்குப் பள்ளி நாளாகவும் இருக்கும் வாரம் அமைந்தால், ஞாயிறு அல்லது திங்கள் கிளம்பும் பயணத்தைப் பிடியுங்கள்.

சரி, யாரிடம் பதிவு செய்வது? விலை பெரும்பாலும் ஒன்றுதான், ஏஜெண்டுக்குக் கமிஷனைக் கம்பெனி கொடுக்கிறது. நேரடியாகச் செய்தால் மாற்றம், ரத்து எல்லாம் உங்கள் கையில். ஏஜெண்ட் மூலம் செய்தால் பிறகு எந்த மாற்றத்துக்கும் அவரிடம்தான் போக வேண்டும், கப்பல் கம்பெனி உங்களிடம் பேசாது. இரண்டு அறையையும் இணைத்து, இரவு உணவு மேசையை ஒன்றாக்கி, சைவத்தையும் சக்கர நாற்காலியையும் எழுதி வாங்கித் தரும் நல்ல ஏஜெண்ட் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ தெரிந்தவராக இருந்தால் முதல் முறை போகும் குடும்பம் அவரிடம் போகலாம். கோலாலம்பூரில் நடக்கும் மாட்டா பயணக் கண்காட்சியிலும் நல்ல சலுகை கிடைக்கும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: உரிமம். பயண ஏஜென்சிக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும், எண்ணைக் கேட்டு அமைச்சின் இணையத் தளத்தில் சரிபார்க்கலாம். வாட்ஸ்அப் குழுவில் "குரூப் ரேட், இன்றே கடைசி" என்று வந்து, தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர்களின் ஈபிஎஃப் சேமநிதிப் பணம் இப்படிப் போவதைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறது. கம்பெனிக் கணக்குக்கு, முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், பிரச்சினை வந்தால் வங்கி மூலம் மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கும். தகராறு ஆனால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வக்கீல் இல்லாமலே பதிவு செய்யலாம்.

பதிவு செய்த பிறகும் முழுப் பணம் கட்டும் தேதி வரை அதே அறையின் விலையை அவ்வப்போது பாருங்கள். இறங்கியிருந்தால் புது விலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கடப்பிதழில் முழுப் பெயரும் ஒரே வரியில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று வரும். படிவங்கள் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும், சாய்கோட்டைப் பெரும்பாலும் ஏற்காது. தன் பெயரை முதல் கட்டத்திலும் அப்பா பெயரை இரண்டாவதிலும், எழுத்து ஒன்றுகூடப் பிசகாமல், ஆறு பேருக்கும் ஒரே முறையில் போடுங்கள். விமானச் சீட்டிலும் அதேபோல. கடப்பிதழ் பயணம் முடிந்த பிறகும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

சிங்கப்பூருக்கு முதல் நாளே போய்விடுங்கள். ஈப்போவிலிருந்து ஸ்கூட் விமானம் இருக்கிறது, இரவு பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் ஜொகூர் பாலத்து நெரிசலை நம்பிக் கப்பல் ஏறும் அன்று காலையில் போய்ச் சேரத் திட்டமிட வேண்டாம். பயணம் போகும் மாதத்தில் பினாங்கிலிருந்து கிளம்பும் கப்பல் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் ஸ்டேஷனிலேயே இடிஎஸ் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி மாறினால் கப்பல் ஏறும் ஸ்வெட்டன்ஹாம் துறை பக்கம்தான், பெரியவர்களுக்கு அலைச்சல் பாதியாகக் குறையும். சிங்கப்பூர் என்றால் எஸ்ஜி வருகை அட்டையை நுழையும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், கப்பல் திரும்பி வரும்போது மறுபடியும் ஒரு தடவை. அது முற்றிலும் இலவசம், பணம் கேட்கும் இணையத் தளம் எதிலும் நிரப்பாதீர்கள்.