கீபோர்டில் கேம் ஆடலாமா? வாசகர் கேள்வி, நம் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: நிஜ வாத்தியத்தை வைத்து வீடியோ கேம் ஆட முடியுமா? சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

மகனுக்குப் பன்னிரண்டு வயது. கீபோர்டு வகுப்புக்குப் போகிறான், வீட்டில் தொடுவதே இல்லை. எந்நேரமும் கேம்தான். கீபோர்டையே வைத்து கேம் ஆடலாமாமே, அப்படியாவது பயிற்சி நடக்குமா?
- ஓர் அம்மா, திருச்சி

நடக்கும். ஆனால் எந்த கேம் என்று பார்க்க வேண்டும். இதில் இரண்டு வகை இருக்கிறது, பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, நீங்கள் வாசிப்பதைக் கவனித்து, சரியான ஸ்வரமா, சரியான நேரத்தில் விழுந்ததா என்று பார்த்து மதிப்பெண் போடுவது. இன்னொன்று, வாத்தியத்தை வெறும் ஜாய்ஸ்டிக்காக மாற்றி, இந்தக் கட்டையைத் தொட்டால் ஓடு, அந்தக் கட்டையைத் தொட்டால் குதி என்று ஏதோ ஒரு கேமை ஆடுவது. இரண்டாவது செம ஜாலி. ஆனால் அதை வருஷம் முழுக்க ஆடினாலும் ஒரு சரளி வரிசை உருப்படியாக வராது.

முதல் வகை ஒன்றும் புதிது இல்லை. 1990-லேயே நிண்டெண்டோவின் என்இஎஸ் என்ற கேம் பெட்டிக்கு 'மிராக்கிள்' என்று ஒரு பியானோ கீபோர்டு வந்தது. சரியான ஸ்வரத்தைத் தட்டினால் திரையில் ஓடும் வாத்து சுடப்படும். 2011-ல் யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 'ராக்ஸ்மித்' கேமைக் கொண்டுவந்து, நிஜ எலெக்ட்ரிக் கிட்டாரைக் கேபிளில் சொருகச் சொன்னார்கள். அதிலும் வாத்து சுடும் விளையாட்டு உண்டு. இசைக்கும் வாத்துக்கும் அப்படி என்ன பகையோ!

உங்கள் பையனுக்கு 'சின்தீசியா' என்ற மென்பொருள் போதும். ஆரம்பத்தில் அதற்கு 'பியானோ ஹீரோ' என்று பெயர். மேலேயிருந்து வண்ணப் பட்டைகள் இறங்கி வரும், அவை கட்டையைத் தொடும் நேரத்தில் வாசிக்க வேண்டும். சரியான கட்டை விழும்வரை காத்திருக்கும் வசதியும் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அது முக்கியம். ஆனால் எந்த விரலால் வாசிக்கிறான் என்பது அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஆள்காட்டி விரலாலேயே குத்தினாலும் முழு மதிப்பெண் போட்டுவிடும். அதனால் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். மிடி கோப்பு (எந்தக் கட்டையை எப்போது அழுத்த வேண்டும் என்ற குறிப்பு) எதைக் கொடுத்தாலும் சின்தீசியா திறக்கும் என்பதால், இந்த வாரப் பாடத்தை மிடியாகப் பதிந்து தர முடியுமா என்று ஆசிரியரிடமே கேளுங்கள். கேமும் பாடமும் ஒன்றாகிவிடும். அப்புறம், காசு செலவழிக்கும் முன் கீபோர்டின் பின்பக்கத்தில் கம்ப்யூட்டரோடு இணைக்க 'யூஎஸ்பி டு ஹோஸ்ட்' என்று ஒரு துளை இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இருக்காது.

என்னிடம் யூஎஸ்பி உள்ள பழைய கீபோர்டு இருக்கிறது. அதை வைத்து மைன்கிராஃப்ட் ஆட வேண்டும், வழி சொல்லுங்கள்.
- கல்லூரி மாணவர், கோவை

உங்கள் கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் மிடியில் சத்தமே கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள், முக்கியமாக இவ்வளவுதான் போகிறது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண், நடு 'ஸி'க்கு 60. போட்டிக் கம்பெனிகள் 1983-ல் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. இதை முன்னெடுத்த அமெரிக்கர் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்ட் என்ற வாத்தியக் கம்பெனியை நிறுவிய ஜப்பானியர் இகுதாரோ காகேஹாஷிக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள். உங்கள் பழைய கீபோர்டு இன்றைய லேப்டாப்போடு பேசுகிறதென்றால் அவர்கள் புண்ணியம்.

இனி உங்களுக்குத் தேவை நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். 'போம் மிடி டிரான்ஸ்லேட்டர்' மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டு, 60 வந்தால் (ஆளை முன்னால் நடத்தும்) டபிள்யூ விசையை அழுத்து, 60-ஐ விட்டால் டபிள்யூவை விடு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த 'விட்டால் விடு' என்ற பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், அப்புறம் ஆள் நிற்காமல் ஓடி எரிமலைக் குழம்பில் விழுந்து சாகிறான். மைன்கிராஃப்டில் பெரிய தலைவலி மவுஸ்தான், பார்வையைத் திருப்புவதைக் கட்டைகளில் வைத்தால் வெட்டி வெட்டித்தான் திரும்பும். முதலில் பக்கவாட்டில் ஓடும் இரு பரிமாண கேம் ஒன்றில் பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

கட்டளைகளை எந்தக் கட்டையில் வைப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இஷ்டத்துக்கு வைத்தால் வீட்டில் உள்ளவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எல்லாவற்றையும் கறுப்புக் கட்டைகளில் மட்டும் வையுங்கள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் கூட்டத்தில் முதல் கட்டையை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் ஸ ரி க ப த, அதாவது மோகனம். எந்த வரிசையில் தட்டினாலும் ஸ்வரங்கள் ஒன்றையொன்று இடிக்காது. பேய் துரத்தும்போது பதற்றத்தில் கண்டபடி அமுக்கினாலும் காதுக்கு நன்றாகவே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆன்லைனில் மற்றவர்களோடு மோதும் கேம்களில் இதைச் செய்யாதீர்கள். தானாக விசை அழுத்தும் மென்பொருளைச் சில கேம்கள் ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ளும், கணக்கே முடங்கலாம்.

என்னுடையது சாதாரண அகௌஸ்டிக் கிட்டார், சொருக இடமே இல்லை. மைக் வைத்து முயன்றேன், நான் தட்டி கொஞ்ச நேரம் கழித்துத்தான் குதிக்கிறது.
- வாசகர், புதுச்சேரி

மைக் வழியாக வரும்போது எந்த ஸ்வரம் என்பதைக் கம்ப்யூட்டர் தானே கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு அலை இரண்டு மூன்று தடவையாவது முழுசாகச் சுற்றி வந்தாக வேண்டும். கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஒரு சுற்றுக்கே 12 மில்லி நொடி, இரண்டு சுற்று என்றால் 24. நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு பிரேம் 17 மில்லி நொடிக்கும் குறைவு, அதாவது தந்தி தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிரேம் போய்விட்டது. மெல்லிய முதல் தந்தி 330 முறை அதிர்வதால் ஒரு சுற்று 3 மில்லி நொடிதான். குதிப்பது, அடிப்பது போன்ற அவசர வேலைகளை அங்கே கொடுங்கள், நடப்பதைத் தடித்த தந்திக்கு விடுங்கள். புளூடூத் ஹெட்போன் போட்டிருந்தால் கழற்றிவிட்டு ஒயர் உள்ளதை மாட்டுங்கள், கேட்பதற்கே நூறு மில்லி நொடிக்கு மேல் தாமதம் அதில் சாதாரணம்.

கிட்டார் ஹீரோ ஆடினால் கிட்டார் வந்துவிடுமா?
- பள்ளி மாணவி, நாகர்கோவில்

வராது. 2005-ல் வந்த அந்த கேமோடு கொடுத்த பிளாஸ்டிக் கிட்டாரில் இருந்தவை ஐந்து வண்ணப் பொத்தான்கள்தான். தாளம் வேண்டுமானால் கொஞ்சம் உறைக்கும். 2010-ல் 'ராக் பேண்ட் 3' என்ற கேம் இந்தக் குறையைச் சரிசெய்யப் பார்த்து, 102 பொத்தான் உள்ள கிட்டாரையெல்லாம் ஆட வைத்தது. இந்த மாதிரி கேம்களில் டிரம்ஸ் மட்டும் விதிவிலக்கு: குச்சியும் கால் மிதியும் நிஜத்தில் உள்ளதைப் போலவே என்பதால், கை ஒன்று செய்யும்போது கால் வேறொன்று செய்யும் பழக்கம் உண்மையாகவே வரும்.

வீணை, மிருதங்கத்தை இப்படிப் பயன்படுத்த முடியுமா?
- இசைக் கல்லூரி மாணவி, சென்னை

மிருதங்கத்துக்குத் தாராளமாக. தொப்பி, வலந்தலை என்ற அதன் இரண்டு முகங்களுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சின்ன மைக் வைத்து, எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று பார்த்தாலே இரண்டு பட்டன் தயார். (தோலில் எதையும் ஒட்டிவிடாதீர்கள்.) இரண்டு பட்டன் போதுமா என்றால், போதும். 2004-ல் நிண்டெண்டோவின் 'டாங்கி காங் ஜங்கிள் பீட்' முழுக்க ஒரு ஜோடி போங்கோவில் (சின்ன மேளங்கள்)தான் ஆடப்பட்டது: வலது அடித்தால் வலப்பக்கம் ஓடும், இடது அடித்தால் இடப்பக்கம், சேர்த்து அடித்தால் குதிக்கும், கைதட்டலை ஒரு மைக் கேட்டுக்கொள்ளும். ஓட வேண்டுமென்றால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், காலப்பிரமாணம் தானாக வரும்.

வீணையில்தான் சிக்கல். மென்பொருள் 'இது எந்த ஸ்வரம்' என்று ஒரே இடத்தில் நிற்பதைத் தேடுகிறது, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகமோ நிற்பதே இல்லை. தோடியில் ஒரு காந்தாரம் பிடித்தீர்களானால் உங்கள் ஆள் ஓடவா குதிக்கவா என்று தெரியாமல் உதறுவான். ஆனால் சுருதி நகர்வதையே கட்டுப்பாடாக வைத்துக்கொண்டால், அதாவது தந்தியை இழுக்க இழுக்க விமானம் மேலே ஏறும்படி செய்தால், கீபோர்டு செய்ய முடியாத வேலையை வீணை செய்யும். செய்து பார்த்தால் எழுதுங்கள்.

கஷ்டமான கேம் எதையாவது இப்படி யாராவது முடித்திருக்கிறார்களா?
- வாசகர், ஈரோடு

'டார்க் சோல்ஸ்' தெரியுமல்லவா, ஜாய்ஸ்டிக்கிலேயே அழவைக்கும். அதை கிட்டார் கன்ட்ரோலரிலும், பிறகு 'டாங்கி காங்கா' என்ற கேமின் போங்கோவிலும் ஒருவர் முழுசாக முடித்துக் காட்டினார். எனக்குப் பொறாமைதான்.

ராத்திரி ஆடினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.
- பெயர் வேண்டாம், சேலம்

கீபோர்டு என்றால் வால்யூமை அடியோடு குறைத்துவிடுங்கள், மிடி அப்படியும் போகும். மிருதங்கம் என்றால் அவர் பக்கம்தான் நியாயம்.